இனிக் கேள்வி கேட்பது நாம்

கணினித் துறையில் முதுகலை ஆய்வு, முனைவர் ஆய்வு பற்றிக் கேளுங்கள் என்று அறிவித்திருந்தோம். மெர்லிமாவ் முதல் தெபோங் வரை மலாக்கா வாசகர்கள் எழுதித் தள்ளிவிட்டார்கள். இந்த வாரப் பக்கம் முழுவதும் அவர்களுக்கே. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயர் மட்டும்.

கேள்வி: கணினி அறிவியலில் இளங்கலை முடித்துவிட்டேன். அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. முதுகலை ஆய்வில் சேர்ந்துவிடட்டுமா? (மெர்லிமாவ்)

பதில்: வேண்டாம். எஸ்பிஎம் முடிந்தால் எஸ்டிபிஎம், அது முடிந்தால் பல்கலைக்கழகம் என்று ஏறி வந்த வரிசையில் அடுத்தது இதுவல்ல. ஆய்வுப் பட்டத்தில் பாடத்திட்டம் கிடையாது, தேர்வு அட்டவணை கிடையாது. பக்கத்து மேசை நண்பர்கூட வேறு எதையோ ஆராய்ந்துகொண்டிருப்பார். காலையில் உங்களை எழுப்பி உட்கார வைக்க உங்களுக்கென்று ஒரு கேள்வி வேண்டும். அது கிடைக்கும்வரை வேலைக்குப் போங்கள். பலருக்கு அந்தக் கேள்வி கிடைப்பதே வேலையில்தான்.

கேள்வி: பாடவழி, கலப்பு முறை, ஆய்வு முறை என்று மூன்று சொல்கிறார்களே, எதில் சேர்வது? (ஜாசின்)

பதில்: பாடவழி என்றால் வகுப்பு, தேர்வு, கடைசியில் ஒரு சிறு திட்டப்பணி. குறைந்தது 40 கிரெடிட். பதவி உயர்வுக்கும் துறை மாறுவதற்கும் அது போதும். ஆய்வு முறையில் கிரெடிட் கணக்கே இல்லை, எல்லாம் ஆய்வேட்டை வைத்துத்தான். கலப்பு முறையில் இரண்டும் உண்டு. பின்னால் முனைவர் பட்டம் என்ற எண்ணம் இருந்தால் ஆய்வு முறையே சரி. வேலை நன்றாக வந்தால் முதுகலை ஆய்வையே முனைவர் ஆய்வாக உயர்த்தித் தரும் பல்கலைக்கழகங்கள் பல. முதல் நிலைத் தேர்ச்சியோடு வந்தவரை நேராக முனைவர் ஆய்வுக்கு எடுப்பதும் உண்டு. அந்த நேர்வழியை நான் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். மூன்று, நான்கு ஆண்டு ஒரே கேள்வியோடு வாழ்வதற்கு முன் ஒரு சிறிய கேள்வியோடு பழகிப் பார்ப்பது உடம்புக்கும் மனதுக்கும் நல்லது.

கேள்வி: முதுகலை ஆய்வில் அப்படி என்ன சாதித்துவிட முடியும்? (காஜா பேராங்)

பதில்: கிளாட் ஷானன் 1937இல் எம்ஐடியில் எழுதியது முதுகலை ஆய்வேடுதான். வயது 21. உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்பு கொண்ட பூலியன் இயற்கணிதத்தை வைத்து மின்சுற்றுகளை வடிவமைக்கலாம் என்று அதில் காட்டினார். உங்கள் கைப்பேசிக்குள் இருக்கும் ஒவ்வொரு சில்லும் அந்த ஆய்வேட்டுக்குக் கடன்பட்டது.

கேள்வி: மகளுக்கு 26 வயது. முனைவர் ஆய்வு செய்யப் போகிறாளாம். இவ்வளவு படித்தால் மாப்பிள்ளை அமையுமா? (ஒரு தாய், கெமெண்டோர் தோட்டம்)

பதில்: பெண்ணின் படிப்பைப் பார்த்துப் பயந்து ஓடுகிறவர் கல்யாணத்துக்கு முன்பே ஓடிவிடுவது குடும்பத்துக்கு நல்லதம்மா. மகளிடம் வயதைப் பற்றிப் பேசாதீர்கள். மேற்பார்வையாளர் யார், படிக்கும் காலத்தில் உதவித்தொகை உண்டா, எத்தனை ஆண்டில் முடிக்கத் திட்டம், இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னால் நீங்கள் வளர்த்த விதம் சரி. சந்தோஷமாக அனுப்பி வையுங்கள்.

கேள்வி: தோட்டத்துப் பிள்ளைக்கு ஆராய்ச்சி எதற்கு? முதலில் ஒரு வேலை வேண்டாமா? (புக்கிட் அசகான்)

பதில்: புக்கிட் அசகானிலிருந்து இதைக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மலாயாவில் வணிக முறையில் ரப்பர் பயிரிட்ட முதல் தோட்டம் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் உருவானது. உருவாக்கியவர் டான் சாய் யான். அடுத்து அவர் பெரிய அளவில் ரப்பர் நட்டது உங்கள் புக்கிட் அசகானில்தான். அவரை ரப்பர் பக்கம் திருப்பியவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி. மரத்தைச் சாகடிக்காமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்க எப்படி வெட்டுவது என்பது ரிட்லி கேட்ட கேள்வி. பூங்காவில் மரங்களை வெட்டி வெட்டிப் பார்த்துப் பதிலையும் கண்டுபிடித்தார். அந்தப் பதிலைக் கையில் கத்தியாக வாங்கிக்கொண்டுதான் நம் தாத்தா பாட்டிகள் இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், மரத்துக்கு மரம் நடந்தார்கள். பிறகு 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. அது உருவாக்கிய ஆர்ஆர்ஐஎம் 600 ரக மரங்களில் பால் வெட்டிய கைகள் உங்கள் லயத்தில் இன்னும் இருக்கலாம்.

ஆக, தோட்டத்துக்கும் ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பது சரியல்ல. தோட்டமே ஆராய்ச்சியால் வந்தது. கேள்வி ஒருவருடையதாக இருந்தது, உழைப்பு நம்முடையதாக இருந்தது. நூறு ஆண்டுக்கு மேல் அப்படியே போய்விட்டது. இன்றைக்குச் செம்பனைக்கு மேலே ட்ரோன் பறக்கிறது. படத்தை வைத்து மென்பொருள் மரங்களை எண்ணுகிறது, கனோடெர்மா பூஞ்சை அடித்தண்டை அரிக்கும் மரத்தைத் தேடுகிறது. அந்த மென்பொருள் எதைத் தேட வேண்டும், யாருடைய வேலையை எளிதாக்க வேண்டும் என்று முடிவு செய்யும் மேசையில் நம் பிள்ளையும் உட்கார வேண்டும். வேலை வேண்டாமா என்றீர்கள். வேண்டும். நான் சொல்வதும் ஒரு வேலையைத்தான்.

கேள்வி: ஆழ்கற்றலில் ஏதாவது செய் என்கிறார்கள். தலைப்புக் கிடைக்கவில்லை. அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர், வீட்டில் கேட்கவும் ஆளில்லை. (டுரியான் துங்கல்)

பதில்: கேட்க வேண்டிய ஆளே அவர்தான் தம்பி.

குலை பழுத்ததா இல்லையா என்று படத்தைப் பார்த்துச் சொல்லும் ஆய்வுகள் ஏற்கெனவே நிறைய வந்துவிட்டன. பல ஆய்வுகள் நிறத்தை நம்புகின்றன. கறுப்பும் ஊதாவும் என்றால் காய், செம்மஞ்சள் என்றால் பழம். உங்கள் அப்பா நிறத்தோடு நிற்பதில்லை, மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தையும் பார்க்கிறார். ஆலையில் தரம் பிரிப்பவரும் அப்படித்தான். மலேசியச் செம்பனை வாரியத்தின் தர விதிப்படி, பழம் உதிர்ந்த புதுக் குழி குறைந்தது 10 இருந்தால்தான் அது பழுத்த குலை. ஒரு குழிகூட இல்லாமல் கறுத்து நின்றால் காய்க் குலை.

இப்போது யோசியுங்கள். உயரத்தில், மட்டைகளுக்கு நடுவே பாதி மறைந்திருக்கும் குலையில் அந்தக் குழிகளைக் கேமராவால் எண்ண முடியுமா? மழை பெய்த மறுநாள், மாலை வெயில் சாயும் நேரம், நிறம் ஏமாற்றும்போது கணிப்பின் துல்லியம் எவ்வளவு விழுகிறது? தரையில் கிடக்கும் உதிரிப் பழத்தையும் படத்தில் சேர்த்தால் அது எவ்வளவு எழுகிறது? மூன்று கேள்வி ஆயிற்று. முதுகலைக்கு ஒன்று போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பயிற்சிக்குத் தரும் ஒவ்வொரு படத்துக்கும் பழம், காய் என்று குறியிடுகிறவர் யார்? குலையைத் தொட்டே பார்க்காதவர் குறியிட்டிருந்தால், அதன் மேல் கட்டிய கணக்கு முழுவதும் சாய்ந்துவிடும். உங்கள் அப்பாவையும் உடன் வேலை செய்பவர்களையும் தனித்தனியாகக் குறியிடச் சொல்லுங்கள். ஒருவரோடு ஒருவர் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று கணக்கிட்டு எழுதுங்கள். அவர்கள் நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள். நன்றியுரையில் ஒரு வரியோடு விட்டுவிடாமல், ஆய்வுமுறை அத்தியாயத்திலேயே அவர்களுடைய அனுபவ ஆண்டுகளைச் சேர்த்துக் குறிப்பிடுங்கள். தோட்ட நிர்வாகத்தின் எழுத்து அனுமதியும் பல்கலைக்கழக நெறிக்குழுவின் ஒப்புதலும் முதல் படத்தை எடுப்பதற்கு முன்பே கையில் இருக்கட்டும்.

கேள்வி: பேரன் டாக்டர் ஆகப் போகிறானாம். ஊசி போடுவானா? (ஒரு பாட்டி, தெபோங்)

பதில்: போட மாட்டார் பாட்டி. ஆனால் உங்கள் எக்ஸ்ரே படத்தில் நோய் எங்கே இருக்கிறது என்று மருத்துவருக்குக் காட்டிக் கொடுக்கும் நிரலை அவர் எழுதலாம்.

கேள்வி: கணினித் துறையில் தமிழை எடுத்து ஆய்வு செய்தால் மதிப்பார்களா? (புலாவ் செபாங்)

பதில்: ஆய்வு நன்றாக இருந்தால் மதிப்பார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சர்வேஸ்வரனைப் பாருங்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கிகான் டயஸ், ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தின் மிரியம் பட் ஆகியோரோடு சேர்ந்து, தமிழ்ச் சொல்லைப் பகுதி, வேற்றுமை, காலம், இடம் என்று பிரித்துக் காட்டும் தமிழி மார்ஃப் என்ற கருவியை உருவாக்கினார். அது 2021இல் பன்னாட்டு ஆய்விதழில் வந்தது. யாரும் பயன்படுத்தலாம்.

பேச்சுப் பக்கம் போனால் மலேசியத் தமிழருக்கென்றே வேலை காத்துக் கிடக்கிறது. தோட்டத்து ஆயா ஒருவர், ‘சடக்கு ஓரமா காடிய நிப்பாட்டிட்டுக் கம்பத்துப் பக்கம் போயிட்டான்’ என்று சொல்வதைக் கைப்பேசியின் குரல் உள்ளீட்டில் சொல்லிப் பாருங்கள், எழுத்தாக என்ன வருகிறதென்று. சென்னையின் செய்திக் குரலையும் படித்தவர் குரலையும் அதிகம் கேட்டு வளர்ந்த நிரலுக்கு நம் சடக்கும் காடியும் கித்தாவும் புதிது. நடுவில் மலாய் வரும், ஆங்கிலம் வரும், வாக்கியம் லாவில் முடியும். மெர்லிமாவிலும் ஜாசினிலும் முதியவர்களின் பேச்சை, அவர்கள் சம்மதத்தோடு, நல்ல ஒலிவாங்கியில் பதிந்து, கேட்டுக் கேட்டு எழுத்தாக்கினால் அந்தத் தரவுத் தொகுப்பே ஓர் ஆய்வுப் பங்களிப்பு. அந்தத் தலைமுறை இருக்கும்போதே செய்தாக வேண்டிய வேலை இது. யாராவது தொடங்குங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

மதிப்பைப் பற்றிக் கேட்டீர்களே, பேச்சைக் கணினிக்குப் புரிய வைத்த முன்னோடி ராஜ் ரெட்டி, சித்தூர் மாவட்டக் காட்டூரின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1966இல் ஸ்டான்ஃபோர்டில் முனைவரானார். 1994இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது. அந்த விருதைப் பெற்ற முதல் ஆசியர் அவர்தான்.

கேள்வி: முனைவர் பட்டம் இல்லாமல் கணினியில் எதுவும் செய்ய முடியாதா? (ஆயர் குரோ)

பதில்: தாராளமாக முடியும். கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சலைத் தொடங்கியது ஆய்வேட்டுக்காக அல்ல, தமிழைக் கணினியில் எழுத வேண்டும் என்பதற்காக. கைப்பேசியில் தமிழ் எழுதச் செல்லினத்தையும் தந்தார். நீங்கள் செய்ய நினைப்பது ஒரு கருவியா, நிறுவனமா, பட்டத்தைத் தேடாதீர்கள். பல்கலைக்கழகத்தில் கற்பிக்க வேண்டும், ஆய்வுக்கூடத்தில் வேலை வேண்டும், யாரும் பதில் சொல்லாத ஒன்றுக்குப் பதில் தேட ஆண்டுக் கணக்கில் அவகாசம் வேண்டும் என்றால் பட்டம் தேவை.

கேள்வி: மகனின் முனைவர் படிப்புக்கு என் இபிஎஃப் பணத்தை எடுக்கலாமா? (ஒரு தந்தை, அலோர் காஜா)

பதில்: விதி இடம் தருகிறது. நான் சொல்வது, எடுக்காதீர்கள்.

அது உங்கள் முதுமைக்கான சோறு. கணினி ஆய்வில் முழுநேர மாணவர் என்பவர் பல்கலைக்கழகத்துக்காக உழைக்கிறவர். சோதனை செய்கிறார், நிரல் எழுதுகிறார், அவர் எழுதும் கட்டுரைகளில் பல்கலைக்கழகத்தின் பெயர் வருகிறது. அந்த உழைப்புக்குப் பணம் வர வழிகள் உண்டு. விரிவுரையாளர்கள் உயர்கல்வி அமைச்சின் எஃப்ஆர்ஜிஎஸ் போன்ற ஆய்வு மானியங்களைப் பெற்றிருப்பார்கள். அதிலிருந்து ஆராய்ச்சி உதவியாளருக்கு மாத அலவன்ஸ் தருவார்கள். மகன் மேற்பார்வையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, ‘உங்களிடம் இப்போது நடப்பில் இருக்கும் மானியம் எது, அதில் எனக்கு இடம் உண்டா, அது எந்த மாதம் முடிகிறது’ என்பதுதான். கடைசிப் பகுதியைக் கேட்க மறந்தவர்கள் நடுவழியில் அலவன்ஸ் நின்று தவிக்கிறார்கள். பல்கலைக்கழகங்களே தரும் கட்டண விலக்கு, பகுதிநேரக் கற்பித்தல் வேலை, அரசின் மைபிரெயின் திட்டம் அந்தந்த ஆண்டு திறந்திருக்கிறதா என்பது, எல்லாவற்றையும் சேர்வதற்கு முன் விசாரியுங்கள்.

பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில் மாதம் 10 வெள்ளி கட்டித் தொழிலாளர்களே தோட்டம் வாங்கலாம் என்று துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது உறுப்பினரா? பழைய பெட்டியில் உறுப்பினர் புத்தகத்தைத் தேடிப் பாருங்கள். உறுப்பினர் குடும்பத்துக்கான கல்வி உதவி பற்றிச் சங்கத்திடமே கேட்கலாம்.

எந்த வழியும் திறக்காவிட்டால் ஓராண்டு தள்ளிப்போடட்டும். அப்பாவின் சேமிப்பில் நடக்கும் ஆய்வு, மாணவனின் தோளில் பயமாக ஏறி உட்கார்ந்துவிடும். பயத்தோடு புதியதைத் தேட முடியாது.

கேள்வி: பிடிபிடிஎன் கடன் இருக்கிறது. மேலே படிக்கலாமா? (மஸ்ஜித் தானா)

பதில்: படிக்கலாம். இளங்கலையில் முதல் நிலைத் தேர்ச்சி என்றால், நடப்பு நிபந்தனைகள் பொருந்துமா என்று பார்த்து, அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் மாதா மாதம் கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள், இன்றே பாருங்கள். மற்றவர்கள் மேற்படிப்பைக் காட்டி ஒத்திவைக்கக் கேட்கலாம். கேட்காமல் கட்டுவதை நிறுத்திவிடக் கூடாது.

கேள்வி: பத்து பெரெண்டாமில் சில்லுத் தொழிற்சாலையில் ஏழு ஆண்டாக வேலை. சிஜிபிஏ 2.60தான். பகுதிநேர ஆய்வுக்கு எடுப்பார்களா? (பத்து பெரெண்டாம்)

பதில்: கணினி முதுகலைக்குப் பொதுவாகக் கேட்பது 2.75. அதற்குச் சற்றுக் கீழே இருப்பவர்களை உள்மதிப்பீடு செய்து சேர்க்க விதியில் இடம் உண்டு, பணி அனுபவமும் கைகொடுக்கும். உங்கள் ஏழு ஆண்டு, பலரிடம் இல்லாத சொத்து. மலாக்காவில் 1973இல் சீமென்ஸ் வந்த நாள் முதல் நம் பெண்களும் ஆண்களும் உருப்பெருக்கியில் கண்ணை வைத்துச் சில்லின் குறையைத் தேடியிருக்கிறார்கள். அந்தக் கண்ணுக்குத் தெரிந்ததை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது இன்றைக்குப் பெரிய ஆய்வுத்துறை. குறையுள்ள சில்லு ஆயிரத்தில் ஒன்றிரண்டு மட்டும் வந்தால் நிரல் எதைப் பார்த்துக் கற்கும் என்பது அதில் நல்ல கேள்வி.

இரண்டு எச்சரிக்கை. தொழிற்சாலைப் படங்கள் நிறுவனத்தின் சொத்து, எழுத்து அனுமதி இல்லாமல் ஒன்றைக்கூட வெளியே கொண்டுவராதீர்கள். அனுமதி கிடைக்காவிட்டால் பொதுவில் உள்ள தரவுத் தொகுப்பில் செய்யலாம். அடுத்து, இரவு ஷிப்ட் முடிந்து வந்து ஆய்வுக் கட்டுரை படிக்க முடியாது. வாரத்தில் இரண்டு நாள், தூக்கம் தெளிந்த நேரத்தில், இரண்டிரண்டு மணி நேரம் ஒதுக்க வீட்டில் உடன்பாடு செய்துகொண்டு பிறகு பதிவு செய்யுங்கள்.

கேள்வி: தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். வயது 41. கணினிப் பட்டம் இல்லை. ஆசை மட்டும் இருக்கிறது. (ஜாசின்)

பதில்: வேறு துறைப் பட்டதாரிகளுக்குச் சில அடிப்படைப் பாடங்களை எடுக்கச் சொல்லிச் சேர்த்துக்கொள்ளும் வழி உண்டு டீச்சர். ஆசிரியர்களுக்குக் கல்வி அமைச்சு தரும் எச்எல்பி உபகாரச் சம்பளத்தையும் பாருங்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளை ‘ழ’வை எப்படித் தவறவிடுகிறது, எழுத்துக் கூட்டும்போது எங்கே திணறுகிறது என்று இத்தனை ஆண்டு நீங்கள் கேட்ட காது எந்தக் கணினிப் பட்டதாரிக்கும் இல்லை. முதலில் பைத்தான் கற்றுக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்தும் ஆசை அப்படியே இருந்தால் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: மலாக்காவிலேயே படிக்கலாமா, கோலாலம்பூர் போக வேண்டுமா? (டைமண்ட் ஜூபிலி தோட்டம்)

பதில்: டுரியான் துங்கலில் அரசுப் பல்கலைக்கழகமான யுதெம் இருக்கிறது, 2000இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 2007இல் இன்றைய பெயரைப் பெற்றது. நாட்டின் முதல் தனியார் பல்கலைக்கழகமான எம்எம்யு பிறந்ததும் மலாக்காவில்தான், கணினிப் புலத்தோடு இங்கே இன்றும் நடக்கிறது. இரண்டு வாசலும் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகும் தூரம். ஆனாலும் ஊரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மேற்பார்வையாளரைப் பாருங்கள். அவருடைய கடைசி ஐந்து ஆண்டுக் கட்டுரைகளில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா? அவரிடம் படித்தவர்கள் முடித்தார்களா, எத்தனை ஆண்டில்? இப்போது படிக்கும் மாணவர் ஒருவரைக் கேண்டீனில் பிடித்துத் தனியாகப் பேசுங்கள். விளம்பரத் தாள் சொல்லாததை அவர் சொல்வார்.

கேள்வி: ஆய்வேட்டைச் சாட்ஜிபிடியே எழுதிவிடுமே? (செங்)

பதில்: எழுதும். இல்லாத கட்டுரையை இருப்பதாகச் சொல்லி மேற்கோளும் தரும். வாய்மொழித் தேர்வில் அந்த மேற்கோளைப் பற்றித் தேர்வாளர் கேட்கும்போது நாற்காலியில் இருப்பது நீங்கள். இலக்கணம் திருத்த, நிரலில் பிழை தேட வைத்துக்கொள்ளுங்கள், பல்கலைக்கழக விதி அனுமதிக்கும் அளவுக்கு, வெளிப்படையாகச் சொல்லிவிட்டு.

கேள்வி: பணம் அனுப்பினால் மூன்று நாளில் கட்டுரையை வெளியிடுவதாக ஓர் ஆய்விதழ் எழுதுகிறது. முனைவர் பட்டமே வாங்கித் தருவதாக ஒருவர் வாட்சப்பில் வருகிறார். (அலோர் காஜா)

பதில்: இரண்டையும் அழித்துவிடுங்கள். நல்ல ஆய்விதழில் முகம் தெரியாத இரண்டு மூன்று பேர் உங்கள் கட்டுரையைப் பிரித்து மேய்ந்து, மாதக்கணக்கில் திருத்த வைப்பார்கள். அந்த வலியைத் தாங்குவதற்குப் பெயர்தான் பயிற்சி. பட்டம் விற்கிறவரிடம் வாங்கிய தாள், தகுதிகளை அங்கீகரிக்கும் எம்கியூஏவின் பதிவேட்டில் அந்தப் படிப்பு இல்லையென்று தெரியும் அன்று வேலையையும் மரியாதையையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

கேள்வி: மேற்பார்வையாளர் மாதக்கணக்கில் பதிலே தருவதில்லை. (பெயரும் ஊரும் வேண்டாம்)

பதில்: இன்று முதல் எல்லாம் எழுத்தில். வாரம் ஒரு மின்னஞ்சல், செய்தது மூன்று வரி, தடை ஒரு வரி, அடுத்தது ஒரு வரி, சந்திக்க இரண்டு தேதி. சந்தித்தால் அன்றிரவே பேசியதை எழுதி அனுப்புங்கள். ஆறு வாரம் ஓடியும் அசைவு இல்லையென்றால் அந்தக் கடிதங்களோடு உயர்கல்வி மையத்துக்குப் போங்கள். மேற்பார்வையாளரை மாற்றக் கேட்பது உங்கள் உரிமை. ஐயா கோபித்துக்கொள்வாரோ என்று நம் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு ஓராண்டைத் தொலைக்கிறார்கள். பெரியவர்களிடம் நாம் காட்டும் பணிவு வீட்டின் செல்வம். அது உங்கள் வாழ்நாளில் ஓராண்டை விழுங்கும்போது வாயைத் திறக்க வேண்டும்.

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் படித்தவள். ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுத முடியுமா? (மெர்லிமாவ்)

பதில்: முடியும். ஆய்வு ஆங்கிலத்துக்கு அலங்காரம் தேவையில்லை, தெளிவு போதும். தினம் ஒரு கட்டுரையின் முன்னுரையை மட்டும் படியுங்கள். அன்று மாலை, என்ன செய்தார்கள், எதை வைத்து நிரூபித்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று உங்கள் ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதுங்கள். முதலில் தமிழில் யோசித்தால் குற்றமில்லை. தமிழும் மலாயும் ஆங்கிலமும் அறிந்த தலை உங்களுடையது, மொழி ஆய்வுக்கூடங்கள் தேடும் தலை.

கேள்வி: வாய்மொழித் தேர்வை நினைத்தாலே நடுக்கமாக இருக்கிறது. (ஆயர் குரோ)

பதில்: பல்கலைக்கழகத்துக்கு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும், உங்கள் ஆய்வேட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு வருகிறவர்கள் தேர்வாளர்கள். வாழ்நாளில் அப்படி வேறு யாரும் உங்களைப் படிக்கப் போவதில்லை, அந்த நேரத்தை அனுபவியுங்கள். திருத்தம் சொல்வார்கள், அது தோல்வி அல்ல. திருத்தமே இல்லாமல் வெளியே வருகிறவர் அரிது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். செய்யாததை ஏன் செய்யவில்லை என்று காரணத்தோடு சொல்லுங்கள். அது ஒன்றைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும்.

கேள்வி: மேற்பார்வையாளருக்கு முதல் மின்னஞ்சலில் என்ன எழுதுவது? மூன்று நாளாக வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். (டுரியான் துங்கல்)

பதில்: பத்து வரிக்கு மேல் வேண்டாம் தங்கச்சி. நீங்கள் யார், எங்கே என்ன படித்தீர்கள், ஒரு வரி. அவர் எழுதிய ஒரு கட்டுரையின் பெயரும் அதில் உங்களை நிறுத்திய இடமும், இரண்டு வரி. பிறகு உங்கள் கேள்வி, கேள்விக்குறியோடு. அதை எப்படித் தேடலாம் என்று நினைக்கிறீர்கள், மூன்று வரி. உதவித்தொகைக்கு வாய்ப்பு உண்டா என்று கூச்சப்படாமல் ஒரு வரி. மதிப்பெண் பட்டியலை இணையுங்கள். அதே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்பினால் இருபது பேரும் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் ஆளுக்கு ஒரு கடிதமாக எழுதுங்கள். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.